தங்கச்சிக்கு 118 கிலோ, இரண்டாவது சிசேரியன்: மயக்க ஊசி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்க

#1 பல்லடத்துக்காரி | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்காகக் கேட்கிறேன். வயது 29. தாராபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். 31 வாரம் முடிந்திருக்கிறது. உயரம் 158 செ.மீ., போன வாரம் எடை 118 கிலோ. இந்த முறை சர்க்கரையும் வந்துவிட்டது, மாத்திரையிலும் சாப்பாட்டிலும் கட்டுக்குள் இருக்கிறது. முதல் குழந்தை நான்கு வருடம் முன்னால் சிசேரியன்.

இதுவரை பார்த்துக்கொண்டிருந்த நர்சிங் ஹோமில், "இங்க வேண்டாமுங்க, பெரிய ஆஸ்பத்திரியாப் பார்த்துக்குங்க, மயக்க டாக்டர் யோசிக்கறாரு" என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் வீட்டில் ஒரே கோபம். "போன தடவை இதே மாதிரி இடத்துலதான பொறந்துச்சு, இப்ப மட்டும் ஆகாதா?" என்கிறார் அத்தை. தங்கச்சி வாயே திறக்கவில்லை. ராத்திரி எனக்குப் போன் செய்து அழுதாள். நான்கு வருடமாக யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள்.

முதல் பிரசவத்தில் முதுகில் ஊசி போட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எத்தனை தடவை குத்தினார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டாளாம். பின்னால் நின்ற டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம், "இத்தனை சதைக்குள்ள எலும்ப எங்கன்னு தேடறது" என்று அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார். கடைசியில் முழு மயக்கம் கொடுத்துத்தான் ஆபரேஷன். மகன் அழுத முதல் சத்தத்தை அவள் கேட்கவில்லை. இந்த முறை செக்கப்புக்கு நாள் தள்ளித் தள்ளிப் போனதற்கும் இதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது.

உடம்பு பெருத்திருந்தால் மயக்க மருந்தில் அப்படி என்ன ஆபத்து? முன்கூட்டியே நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

#2 காங்கேயம்_மாமன் | செவ்வாய், இரவு 10.05

அம்மிணி, முதலில் பயப்படாதே. எங்கள் அமுச்சி நல்ல பருத்த உடம்பு. எட்டுப் பெற்றார், எல்லாம் வீட்டில்தான். இப்போது எதற்கெடுத்தாலும் பயமுறுத்தி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. இன்னொரு டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், அதே நர்சிங் ஹோமிலேயே பார்க்கலாம்.

#3 வாய்க்கால்மேடு | செவ்வாய், இரவு 10.50

கோபியில் இருந்து எழுதுகிறேன். நானும் 112 கிலோவில் பிரசவமானவள்தான், இரண்டு வருடம் ஆகிறது. அக்கா, திருப்பி அனுப்பியதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பத்து நாள் அந்த டாக்டர் மேல் கோபத்தில் எங்கேயும் போகாமல் இருந்தேன். அந்தப் பத்து நாள் எனக்கு நஷ்டம்தான்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். எனக்கு ஏழாம் மாதம் வரை பிரஷர் அதிகம் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்தால் பாதியில் பர்ரென்று பிரிந்துவிடும், மறுபடி இழுத்துக் கட்டிப் பார்ப்பார்கள். கோவையில் ஒரு சிஸ்டர் அகலமான பட்டை எடுத்துவந்து பார்த்தார், பிரஷர் சரியாக இருந்தது. சின்னப் பட்டையில் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டுமாம். தங்கச்சிக்கு எந்தப் பட்டையில் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

#4 மயக்கவியல்_கோவை | புதன், காலை 6.15

பல்லடத்துக்காரி அவர்களுக்கு, நான் பதினாறு வருடமாக மயக்க மருந்து டாக்டராக இருக்கும் பெண். டூட்டிக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உங்கள் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. அன்றைக்கு அவரிடம் பேசிய பேச்சு தவறு. கடினமான முதுகைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை, படுத்திருப்பவர் குற்றம் இல்லை. இதை அவரிடம் சொல்லுங்கள். ஆனால் இப்போது திருப்பி அனுப்பிய மயக்க டாக்டர் செய்தது சரி. தன் கையில் என்ன வசதி இருக்கிறது என்று தெரிந்து, பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லியிருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

118 கிலோவை 1.58 மீட்டரால் இரண்டு முறை வகுத்தால் 47 வரும். இதுதான் பி.எம்.ஐ. 40ஐத் தாண்டினாலே தீவிர உடல்பருமன். இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 40க்கு மேல் உள்ள கர்ப்பிணிகளை மயக்க டாக்டர் பிரசவத்துக்கு முன்பே பார்த்து, திட்டத்தை எழுதி வைக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் மயக்க டாக்டரைத் தியேட்டர் வாசலில்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றுதான்: அப்படி விடாதீர்கள், 34 வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

ஏன் என்றால், முழு மயக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மயக்க மருந்து ஏறியதும் மூச்சு நின்றுவிடும், நாங்கள் தொண்டையில் குழாய் போட்டு மூச்சுக் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் உடம்பு நுரையீரலில் மிச்சம் இருக்கும் காற்றை வைத்துத்தான் ஓட்டுகிறது. நிறைமாதத்தில் கர்ப்பப்பை மேலே தள்ளுவதால் அந்த மிச்சம் சுமார் 20 சதவீதம் குறைந்துபோகும், ஆக்சிஜன் தேவையோ சுமார் 20 சதவீதம் கூடிவிடும். பருமனும் சேர்ந்தால் கையிருப்பு இன்னும் சுருங்கும். கர்ப்பம் இல்லாத, ஒல்லியான ஆளுக்கு முன்கூட்டி நன்றாக ஆக்சிஜன் ஏற்றிவிட்டால் ஏழெட்டு நிமிடம் தாங்கும். தங்கச்சி மாதிரி உடம்புக்கு இரண்டு, மூன்று நிமிடம்தான் கிடைக்கும்.

அந்த நேரத்தில் குழாய் போடுவதும் கஷ்டம். கர்ப்பத்தில் தொண்டைக்குள் வீக்கம் இருக்கும், கழுத்து பருமனாக இருந்தால் குழாய் போகும் வழி எங்கள் கண்ணுக்கு மறையும். மற்ற ஆபரேஷன்களைவிடப் பிரசவ ஆபரேஷனில்தான் குழாய் போட முடியாமல் போவது அதிகம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் முழு மயக்கம் கொடுத்த சுமார் 400 பேரில் ஒருவருக்கு அப்படி ஆகியிருக்கிறது. வயிற்றில் இருக்கும் அமிலம் மேலே வந்து நுரையீரலில் இறங்கும் ஆபத்தும் உண்டு. மெண்டல்சன் என்ற மகப்பேறு டாக்டர் 1946லேயே இதை எழுதிவிட்டார். ஆபரேஷனுக்கு முன் சாப்பிடாதே என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

அதனால் முடிந்தவரை முதுகு ஊசிதான். அம்மா விழித்திருப்பார், தன் மூச்சைத் தானே விடுவார். ஆனால் முதுகு ஊசியும் இந்த உடம்பில் சுலபம் இல்லை. இடுப்பெலும்பின் மேடுகளைத் தொட்டு, அந்த மட்டத்தை வைத்துத்தான் இடத்தை முடிவு செய்வோம். அந்த மேடு கையில் தட்டுப்படாவிட்டால் நடுக்கோடே தெரியாது. வழக்கமான ஊசி சுமார் 9 செ.மீ. நீளம், சிலருக்கு அதற்கும் ஆழமாகப் போக வேண்டியிருக்கும். நீள ஊசி கையில் இருக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் கருவி வைத்து நடுக்கோட்டையும் ஆழத்தையும் முதலிலேயே பார்த்துத் தோலில் குறி போட்டுவிட்டால், குத்தும் எண்ணிக்கை குறையும்.

இன்னொன்று. ஒரு தடவை போடும் முதுகு ஊசி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேலை செய்யும். இரண்டாவது சிசேரியன், பழைய ஆபரேஷனால் உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிய ஒட்டல்கள், பருமனான வயிறு என்றால் ஆபரேஷன் நீளலாம். பாதியில் மரப்பு இறங்கினால் முழு மயக்கத்துக்குப் போக வேண்டிவரும், நாங்கள் தவிர்க்க நினைத்த இடத்துக்கே திரும்பி வருவோம். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு முதுகு ஊசியோடு எபிடியூரல் என்கிற மெல்லிய குழாயும் சேர்த்து வைப்பேன். நேரம் நீண்டால் அதன் வழியே மருந்து கொடுத்துக்கொண்டே போகலாம்.

#5 பல்லடத்துக்காரி | புதன், மதியம் 1.30

மேடம், அவளுக்குப் படித்துக் காட்டினேன். "படுத்திருப்பவர் குற்றம் இல்லை" என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள்.

மூன்று சந்தேகம். ராத்திரி பலமாகக் குறட்டை விடுகிறாள், பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாள் என்று மாப்பிள்ளை சொல்கிறார், இதைச் சொல்ல வேண்டுமா? தினம் ஆஸ்பிரின் சின்ன மாத்திரை போடுகிறாள், அது இருந்தால் முதுகு ஊசி போடக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். முதுகு ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலி என்கிறார்களே?

#6 மயக்கவியல்_கோவை | புதன், இரவு 8.20

குறட்டையைக் கட்டாயம் சொல்லுங்கள், முதல் வரியாகவே சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருகிறதா என்று மாப்பிள்ளையைக் கவனிக்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் ஆபரேஷன் முடிந்த முதல் நாள் ராத்திரிதான் எங்களுக்குக் கவலை. வலிக்குக் கொடுக்கும் மார்பின் வகை மருந்துகள் மூச்சை இன்னும் மந்தமாக்கும். விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டி, தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்துக் கண்காணிக்க ஆள் வேண்டும். இந்த வசதி இருக்கிற ஆஸ்பத்திரியா என்று கேளுங்கள்.

சின்ன அளவு ஆஸ்பிரின் முதுகு ஊசிக்குத் தடை இல்லை. நீங்களாக நிறுத்த வேண்டாம், பிரஷர் ஏறாமல் இருக்கக் கொடுத்திருப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றிலோ தொடையிலோ போடும் ஹெப்பாரின் வகை ஊசிதான் வேறு கதை. அந்த வகையில் ஒன்றான எனாக்ஸபரின் தடுப்பு அளவில் போட்டிருந்தால் முதுகில் ஊசி போட 12 மணி நேரம் இடைவெளி வேண்டும், சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரம். கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதி வையுங்கள்.

முதுகு வலி: குத்திய இடத்தில் சில நாள் வலிக்கும். வருடக்கணக்கான முதுகு வலிக்கு இந்த ஊசி காரணம் என்று ஆய்வுகளில் தெரியவில்லை. கர்ப்பத்தில் இடுப்பு தாங்கிய பாரம், குனிந்து குழந்தையைத் தூக்குவது எல்லாம் சேர்ந்துதான் வலிக்கிறது.

#7 தியேட்டர்_சிஸ்டர் | புதன், இரவு 11.10

பெருந்துறை பக்கம் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறேன். மேடம் சொன்னதோடு எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

தியேட்டர் மேசைக்கும் எடை வரம்பு உண்டு. இத்தனை கிலோ வரை என்று மேசையிலேயே எழுதியிருக்கும். முன்கூட்டியே சொன்னால்தான் தோதான மேசை, பக்கப் பலகை, அகலமான பெல்ட் எல்லாம் எடுத்து வைப்போம்.

முதுகு ஊசி போடும்போது உட்கார வைப்போம். காலை ஸ்டூல் மேல் வைத்து, தலையணையைக் கட்டிப்பிடித்து, தாடையை நெஞ்சில் வைத்து, முதுகை இறால் மாதிரி வளைக்க வேண்டும். நான் முன்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்வேன். நல்ல மயக்க டாக்டர் ஊசி உள்ளே போகும்போது, "இப்ப இடது பக்கம் உறுத்துதா, வலது பக்கமா, நடுவுலயா?" என்று கேட்பார். எலும்பு கைக்குத் தெரியாத முதுகில் பெண் சொல்லும் அந்தப் பதில்தான் வழி காட்டும். வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். எத்தனையோ தடவை ஒரு பெண் "கொஞ்சம் வலது பக்கமுங்க" என்று சொன்ன பிறகு அடுத்த குத்திலேயே சரியாகப் போயிருக்கிறது.

படுக்க வைக்கும்போது தட்டையாகப் படுக்க வைப்பதில்லை. முழு மயக்கம் தேவைப்பட்டால் தயாராக இருக்கட்டும் என்று தோளுக்கும் தலைக்கும் அடியில் மடித்த போர்வைகளை அடுக்குவோம். காதும் நெஞ்செலும்பின் மேல் குழியும் ஒரே மட்டத்தில் வரும் வரை அடுக்க வேண்டும். மூச்சும் சுலபம், குழாய் போடுவதும் சுலபம். மேசையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து வைப்போம், கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அமுக்கி பிரஷர் இறங்காமல் இருக்க.

காலை ஆபரேஷன் என்றால் திடமான சாப்பாடு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நிறுத்தியிருக்க வேண்டும். "ஒரு வாய் டீ தானே" என்று அத்தைமார் கொடுத்துவிடுவார்கள். பால் கலந்த டீ சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம், டாக்டர் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால்.

#8 காங்கேயம்_மாமன் | வியாழன், காலை 7.00

எல்லாம் படித்தேன். நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி உண்மையிலேயே இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21ல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8. இதைப் படித்தால் எங்களுக்குச் சந்தேகம் வராதா? இவ்வளவு ஆபத்து என்றால் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யக் கூடாதா?

#9 மயக்கவியல்_கோவை | வியாழன், இரவு 9.30

மாமா, நியாயமான கேள்வி. அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள் அல்லது பருமனானவர்கள் என்றும் இருக்கிறது. தேவையில்லாத சிசேரியன் நடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பருமன் என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்யக் கூடாது. முதல் பிரசவமாக இருந்தால் சுகப்பிரசவத்துக்கே முயற்சி செய்யச் சொல்வேன்.

இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு சிசேரியன் தழும்பு இருக்கிறது. அதற்குப் பிறகும் சுகப்பிரசவம் ஆகலாம், ஆனால் இந்த எடையில் வெற்றி வாய்ப்பு குறைவு. முயற்சி நடுவில் நின்றால் அவசர ஆபரேஷன். சின்ன ஊர் நர்சிங் ஹோம்களுக்கு மயக்க டாக்டர் வெளியில் இருந்துதான் வருவார், ஒரே ராத்திரியில் மூன்று ஊர் ஓடியவர்களில் நானும் ஒருத்தி. வலியின்போது கர்ப்பப்பையில் உள்ள பழைய தழும்பு பிரியவும் கூடும், அப்படிப் பிரியும்போது கையில் இருப்பது நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் போர்வை அடுக்கி, அல்ட்ராசவுண்ட் பார்த்து, பொறுமையாக முதுகைத் தேட முடியாது, முழு மயக்கம்தான் கொடுக்க வேண்டிவரும். முயற்சி செய்வதானால் தியேட்டரும் மயக்க டாக்டரும் 24 மணி நேரமும் அதே கட்டடத்தில் இருக்கும் இடத்தில்தான். வலி தொடங்கியதுமே எபிடியூரல் குழாயையும் வைத்துவிட வேண்டும், அவசரம் வந்தால் அதிலேயே மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம். பணம் பிரச்சினை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரியிலும் அங்கே மயக்க டாக்டர் பணியில் இருப்பார்.

இன்னொரு விஷயம், யாராவது சொல்லி அவர் இப்போது பட்டினி கிடக்க வேண்டாம். எடையைக் குறைப்பதற்கான காலம் இது இல்லை.

#10 பல்லடத்துக்காரி | பன்னிரண்டு நாள் கழித்து

போய் வந்தோம். 33 வாரத்தில் மயக்க டாக்டரைப் பார்த்தோம். அத்தையும் கூட வந்தார். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்லிப் பார்த்தார். முதுகில் ஸ்கேன் வைத்து, ஆழம் ஏழரை செ.மீ. இருக்கலாம் என்றார். போன தடவை எத்தனை தடவை குத்தினார்கள் என்று கேட்டார். தங்கச்சி சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அவர் அவசரப்படுத்தவில்லை, பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவளே முழுவதும் சொன்னாள், அந்தப் பேச்சையும் சேர்த்து. அத்தை அதை முதல் தடவையாகக் கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கையை விடவே இல்லை.

தூக்கப் பரிசோதனைக்கும் இதய எக்கோவுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். 38ஆம் வாரத்துக்குப் பிறகு ஒரு நாள், காலை முதல் ஆபரேஷனாக வைத்துக்கொள்ளலாம் என்று மகப்பேறு டாக்டரும் அவரும் சேர்ந்தே பேசி முடிவு செய்தார்கள்.

#11 வாய்க்கால்மேடு | அதே நாள்

பஸ்ஸில் கையை விடவில்லை என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது அக்கா. மகப்பேறு டாக்டரிடம் ஆன்டிபயாட்டிக் பற்றியும் கேட்டு வையுங்கள். 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் செஃபசோலின் அளவு 2 கிராமுக்குப் பதில் 3 கிராம் என்று எனக்குச் சொன்னார்கள். உங்கள் தங்கச்சி அந்தக் கோட்டருகில்தான் இருக்கிறாள்.

#12 பல்லடத்துக்காரி | ஏழு வாரம் கழித்து

பெண் குழந்தை. 3 கிலோ 400 கிராம். இரண்டு பேரும் நலம்.

உட்கார வைத்துக் குறி போட்டு, இரண்டாவது குத்தில் சரியாகப் போனது. சிஸ்டர் சொன்ன மாதிரியே டாக்டர் கேட்டிருக்கிறார். இவள், "இடது பக்கமா உறுத்துதுங்க" என்றதும் ஊசியைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறார், அவ்வளவுதான். ஒட்டல் இருந்ததால் ஆபரேஷன் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. கடைசியில் மரப்பு இறங்குகிற மாதிரி இருந்தபோது எபிடியூரல் குழாயில் மருந்து கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் போன தடவை மாதிரி ஆகியிருக்கும். குழந்தை அழுததைக் கேட்டாள்.

முதல் ராத்திரி விரலில் கிளிப், தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். இரண்டு தடவை மணி அடித்தது, சிஸ்டர் வந்து எழுப்பி மூச்சை இழுத்து விடச் சொன்னார். மறுநாள் காலையிலேயே பிடித்து நடக்க வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசி இன்னும் சில வாரம் வீட்டிலும் போட வேண்டும், மாப்பிள்ளையே போடக் கற்றுக்கொண்டார். ஆறாம் நாள் தையலில் ஒரு ஓரம் ஈரமாக இருந்தது, உடனே காட்டினோம், டிரெஸ்ஸிங் மாற்றி மாற்றி இப்போது காய்ந்துவிட்டது. வயிற்று மடிப்புக்கு அடியில் இருக்கும் தையலைத் தினம் கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்ததால்தான் தெரிந்தது. அத்தை மருந்துச் சாமான் போட்ட செலவு ரசம் வைத்து நேரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

டிஸ்சார்ஜ் அன்று மயக்க டாக்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். எந்த எலும்பு இடைவெளியில் போட்டது, ஆழம் எவ்வளவு, எந்த நீள ஊசி, எத்தனை முயற்சி, எபிடியூரல் எத்தனை மணிக்கு எடுத்தது எல்லாம் அதில் இருக்கிறது. பிக்மி அட்டையோடு (அரசின் கர்ப்பப் பதிவு அட்டை) பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள்.

#13 உடுமலைக்காரன் | மறுநாள், காலை 5.50

இழை முழுவதும் படித்தேன். என் மனைவிக்கு 28 வாரம், 109 கிலோ, உயரம் 155. முதல் பிரசவம். இதுவரை மயக்க டாக்டர் என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லை. நானாகக் கேட்டால் தவறாக நினைப்பார்களா?

#14 மயக்கவியல்_கோவை | மறுநாள், காலை 6.20

நினைக்க மாட்டார்கள். பி.எம்.ஐ. 45 வருகிறது. அடுத்த செக்கப்பில், "34 வாரத்துக்குள்ள மயக்க டாக்டரைப் பார்க்கணுமுங்க, சீட்டு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். பிரஷர் பட்டை எது என்று பாருங்கள். ராத்திரி அவர் மூச்சைக் கவனித்துவிட்டுப் போங்கள், குறட்டை விடுகிறாரா என்று உங்களைத்தான் கேட்பார்கள்.